இரண்டு ஏக்கரில் எத்தனை பன்றி, எத்தனை கோழி?

கேள்வி: எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு. நான், என் கணவர், மாமியார் மூவரும்தான் வேலை பார்ப்போம். 10 தாய்ப்பன்றியும் 300 முட்டைக்கோழியும் வைக்க நினைத்திருக்கிறோம். கோழிக்கூண்டைப் பன்றிக்கொட்டகைக்கு மேலே கட்டினால் எச்சம் கீழே விழும், அதைப் பன்றி தின்றுகொள்ளும், தீவனச் செலவு மிச்சம் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டு உணவகங்கள் மிச்சச் சாப்பாட்டைச் சும்மாவே தருவதாகச் சொல்லியிருக்கின்றன. மருந்தைக் கொட்டாமல், மண் கெடாமல், அக்கம்பக்கத்துக்கு நாற்றம் போகாமல் செய்ய வேண்டும் என்பது எங்கள் ஆசை. எதில் தொடங்கட்டும், டாக்டர்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

'மண் கெடாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வார்த்தைக்காகவே இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். கால்நடை மருத்துவராக நான் போய்ப் பார்த்த பண்ணைகளில் பலர், கொட்டகை கட்டி, பன்றியை ஏற்றி, மூன்று மாதம் ஆன பிறகுதான் சாணத்தை எங்கே கொட்டுவது என்று கேட்பார்கள். அப்போது யோசனை சொல்ல எனக்கும் வழி இருக்காது. நீங்கள் ஒரு செங்கல்கூட வைக்காமல் கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பின்னால் படியுங்கள். இந்த வருடம் பால்மறந்த குட்டிகள் மூன்று, கோழி முப்பது. தாய்ப்பன்றி இப்போது வேண்டாம். மேலே கோழி, கீழே பன்றி என்ற கட்டடம் எப்போதும் வேண்டாம். உணவக மிச்சத்துக்கு இன்றைக்கே 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு குறைவு என்று உங்கள் கணவர் கேட்பார். அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்துத் தாய்ப்பன்றி, வருடத்துக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு எட்டுக் குட்டி தங்கினால் 160 குட்டி. தாய்ப்பன்றி ஒன்று வருடத்துக்குச் சுமார் ஒரு டன் தீவனம் தின்னும். குட்டி ஒன்று பால்மறந்ததிலிருந்து விற்பனை எடைக்கு வரும்வரை சுமார் 250 கிலோ தின்னும். ஆகப் பன்றிகளுக்கு மட்டும் 50 டன். முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் என்றால், 300 கோழிக்கு வருடத்தில் 12 டன்னுக்கு மேல். மொத்தம் 62 டன். உங்கள் நிலம் முழுக்க மக்காச்சோளம் போட்டு, நல்ல மகசூல் எடுத்தாலும் ஒரு போகத்தில் 4, 5 டன்தான் வரும். மற்றதெல்லாம் வெளியிலிருந்து மூட்டையில்தான் வந்தாக வேண்டும்.

செலவை விடுங்கள், மண்ணைப் பாருங்கள். தீவனத்தில் சராசரியாக 16 சதவீதம் புரதம். அந்தப் புரதத்தில் 16 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அப்படியென்றால் 62 டன் தீவனத்தோடு ஏறக்குறைய 1,600 கிலோ தழைச்சத்து உங்கள் வேலிக்குள் வருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் கறியாகவும் முட்டையாகவும் வெளியே போகும். ஆயிரம் கிலோவுக்கு மேல் சாணமாகவும் மூத்திரமாகவும் எச்சமாகவும் உங்களிடமே தங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண் விதிகள், கால்நடைக் கழிவு வழியாக ஒரு ஹெக்டேருக்கு வருடத்துக்கு 170 கிலோ தழைச்சத்துதான் போகலாம் என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. இரண்டு ஏக்கர் என்பது 0.8 ஹெக்டேர். உங்கள் நிலத்துக்கு அந்தக் கணக்கில் 136 கிலோ. நீங்கள் போட்ட திட்டம் அதைப்போல ஏழெட்டு மடங்கு. பாதி அமோனியாவாகக் காற்றில் போய்விட்டது என்று வைத்துக்கொண்டாலும் நான்கு மடங்கு. காற்றில் போவது அக்கம்பக்கத்துக்கு நாற்றம்; மழையோடு இறங்குவது உங்கள் கிணற்றில் நைட்ரேட். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கரைத்தால் இரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பூக்கும்.

அதே விதிகளுக்கு 2008ல் வெளியான அட்டவணை, இந்த 170 கிலோவைத் தலைக்கணக்காகவும் பிரித்துக் கொடுத்தது. ஹெக்டேருக்கு வளர்ப்புப் பன்றி என்றால் 14, முட்டைக்கோழி என்றால் 230. இரண்டும் சேர்த்து வைத்தால் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும். நான் சொன்ன மூன்று பன்றியும் முப்பது கோழியும் சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 58 கிலோ தழைச்சத்து தரும். உங்கள் நிலம் தாங்கும் அளவில் பாதிகூட இல்லை. அந்த இடைவெளியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். முதல் வருடம் எருவை எங்கே, எப்போது, எவ்வளவு போடுவது என்று நீங்கள் கற்றுக்கொள்வீர்கள்; கை பழகிய பிறகு எண்ணிக்கையைக் கூட்டலாம். கொட்டகையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துப் பன்றி வாங்குகிற பழக்கம்தான் பல குடும்பப் பண்ணைகளைக் கவிழ்த்தது. உங்கள் மண் எவ்வளவு எருவைச் செரிக்கும், எவ்வளவு தீவனத்தைத் திருப்பித் தரும் என்பதைப் பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

இனி உணவக மிச்சம். சும்மா கிடைக்கிற சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்ல மனசு வராது, எனக்குத் தெரியும். வீணாகப் போகிற உணவைப் பன்றி கறியாக்கித் தருகிறதே, அதைவிட இயற்கையோடு ஒத்த வழி உண்டா என்றும் தோன்றும். ஆனால் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் ஒரு தொழுவத்துக்குள் நுழைகிற முக்கியமான வாசல் அதுதான். 1921ல் கென்யாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய் இது. 2007ல் ஜார்ஜியா வழியாக ஐரோப்பாவின் கிழக்கு ஓரத்துக்கு வந்தது, 2018ல் சீனாவைத் தொட்டது, அங்கிருந்து ஆசியா முழுக்கப் பரவியது. மனிதருக்கு ஒன்றும் செய்யாது. பன்றிக்குச் சிகிச்சையே கிடையாது. கடும் வடிவில் வந்தால் ஏறக்குறைய எல்லாப் பன்றியும் சாகும். அந்த வைரஸ் உறைய வைத்த இறைச்சியில் வருடக்கணக்கிலும், உப்பிட்டு உலர்த்திய இறைச்சியில் மாதக்கணக்கிலும் உயிரோடு இருக்கும். யாரோ எங்கோ வாங்கிய கறியின் ஒரு துண்டு, தட்டில் மிஞ்சி, வாளியில் விழுந்து, உங்கள் தொட்டிக்கு வந்தால் போதும்.

இது ஒரு நோயோடு முடிகிற கதையும் அல்ல. 2001ல் பிரிட்டனில் பரவிய கோமாரியில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. சரியாகக் கொதிக்க வைக்காத மிச்ச உணவைப் பன்றிக்குப் போட்ட ஒரு பண்ணையிலிருந்து அது தொடங்கியதாகவே விசாரணைகள் முடிவு செய்தன. அந்த வருடமே அங்கே மிச்ச உணவு போடுவது தடை செய்யப்பட்டது. அமெரிக்காவில் அனுமதி உள்ள இடங்களில்கூட, உரிமம் வாங்கி, முழுக் கொதிநிலையில் 30 நிமிடம் கிளறிக்கொண்டே வேகவைத்த பிறகுதான் போடலாம். தினமும் இரண்டு அண்டா மிச்சத்தை அப்படிக் கொதிக்க வைக்க உங்களுக்கு விறகும் இல்லை, நேரமும் இல்லை. உங்கள் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கால்நடைத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சட்டம் அனுமதித்தாலும் என் பதில் மாறாது. தோட்டத்திலிருந்து நேராகப் பன்றிக்குப் போகிற காய், கீரை, கொடி எல்லாம் நல்லது. சமையலறைக்குள் போய் வந்தது எதுவும் வேண்டாம்.

மேலே கோழி, கீழே பன்றி என்பதற்கு வருகிறேன். இந்த யோசனை பழையது, கேட்க அழகாகவும் இருக்கும். ஆனால் அதில் சொல்லப்படுகிற தீவன மிச்சம் பெரும்பாலும் பொய்க்கணக்கு. கோழி எச்சத்தில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி யூரிக் அமிலமாக இருக்கிறது. மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துப் புரதமாக்கிக் கொடுக்கும். பன்றிக்கு நம்மைப்போல ஒற்றை வயிறு. அந்தத் தழைச்சத்து வந்த வழியே மூத்திரத்தில் போய்விடும். கீழே பன்றி கொழுத்தது என்றால், எச்சத்தோடு சிந்திய கோழித்தீவனத்தைத் தின்றுதான் கொழுத்திருக்கும். அதற்குக் கோழித்தொட்டியை ஒழுங்காக அமைத்துச் சிந்தாமல் பார்த்துக்கொண்டால் போதுமே.

ஆபத்தின் பக்கம் இன்னும் பெரியது. பறவைக்காய்ச்சல் வைரஸ் ஒட்டிக்கொள்கிற இடமும், மனிதக்காய்ச்சல் வைரஸ் ஒட்டிக்கொள்கிற இடமும் பன்றியின் சுவாசப்பாதையில் இருக்கின்றன. இரண்டும் ஒரே பன்றிக்குள் ஒரே நேரத்தில் புகுந்தால் மரபணுக்களைக் கலந்துகொண்டு புதியது ஒன்று பிறக்கலாம். 2009ல் உலகம் முழுக்கப் பரவிய காய்ச்சல் வைரஸில் பன்றி, பறவை, மனிதன் என மூன்று வழியில் வந்த மரபணுத் துண்டுகளும் இருந்தன. கோழியின் காசநோய்க் கிருமி பன்றிக்கும் ஒட்டும்; வெட்டும்போது கழுத்து நெறிக்கட்டியில் மஞ்சள் முண்டுகளாகத் தெரியும். சால்மோனெல்லா என்ற குடல்கிருமி இரண்டுக்கும் பொது. இன்னொன்று, பன்றி சாது இல்லை. நான் பார்த்த ஒரு பண்ணையில் கோழிகள் சிந்திய தானியத்துக்காகப் பன்றிப்பட்டிக்குள் பறந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒருநாள் ஒரு பன்றி ஒரு கோழியைக் கவ்விச் சுவை கண்டுவிட்டது. அதன் பிறகு அந்தப் பட்டியில் மிஞ்சியது வெறும் இறகுதான். அந்தப் பழக்கத்தைப் பன்றியிடமிருந்து மாற்றவே முடியவில்லை.

எனவே நிலத்தின் ஒரு முனையில் பன்றி, மறுமுனையில் கோழி. காற்று வழக்கமாக வீசும் திசையையும் கவனித்துக்கொள்ளுங்கள். கோழிக்கென்று ஒரு ஜோடி செருப்பு, பன்றிக்கென்று ஒரு ஜோடி. காலையில் முதலில் கோழிகளைப் பாருங்கள், அப்புறம் பன்றிகளை. உடம்பு சரியில்லாத உயிரைக் கடைசியாக. மாமியார் ஒருவர் கோழியையும் உங்கள் கணவர் பன்றியையும் பிரித்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. புதிதாக வருகிற எந்த உயிரும் 30 நாள் தனியாக இருக்கட்டும்.

தீவனத்தில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தானியமும் தவிடும் வயிற்றை நிரப்பும், சதை வைக்காது. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பன்றிக்கு முதலில் தட்டுப்படுவது அதுதான்; கோழிக்கு மெத்தியோனின். லைசின் போதாத பன்றி நிறையத் தின்னும், மெதுவாக வளரும், கொழுப்பு மட்டும் கட்டும். மிஞ்சிய புரதம் முழுக்க மூத்திரமாகிவிடும், நாற்றமும் கூடும். பயறுவகை, சோயா, பிண்ணாக்கு, கருவாட்டுத்தூள் ஏதாவது ஒன்று கட்டாயம் சேர வேண்டும். சின்னக் குட்டிக்கு 18 சதவீதம், 50 கிலோ தாண்டிய பன்றிக்கு 14 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைச் சோயாவை அப்படியே போட்டுவிடாதீர்கள். அதில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, வறுத்துத்தான் போட வேண்டும். பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைப் 'பன்றிதானே' என்று ஒதுக்கிவைத்துப் போடுகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. கோழிக்கு ஈரல் போகும், பெண்பன்றிக்குப் பருவமே வராதபோதும் இனப்பெருக்க உறுப்பு வீங்கிச் சிவக்கும். அந்த மூட்டை எந்த உயிருக்கும் ஆகாது.

உங்கள் நிலத்தில் சர்க்கரைவள்ளி போடுங்கள் என்பேன். கிழங்கு மாவுச்சத்துக்கு, கொடியும் இலையும் பசுந்தீவனத்துக்கு. ஆனால் வளரும் பன்றிக்குப் பசுந்தீவனத்தை ஓரளவுக்கு மேல் கூட்டினால் வயிறுதான் நிறையும், எடை ஏறாது. வயதுவந்த தாய்ப்பன்றியின் பெருங்குடல் நாரை நன்றாகச் செரிக்கும். அதற்குத் தாராளமாகப் போடலாம். கோழிக்கு முட்டையிடும் காலத்தில் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் சுண்ணாம்புச்சத்து வேண்டும். கிளிஞ்சல் துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள், தேவையான கோழி தானே கொத்திக்கொள்ளும். அதே தீவனத்தைக் குஞ்சுக்கோ பன்றிக்கோ போடக் கூடாது. வளரும் குஞ்சின் சிறுநீரகத்தை அந்தச் சுண்ணாம்பு கெடுக்கும்.

தண்ணீரைப் பற்றி ஒரே வரி: பன்றித்தொட்டி ஒருநாள் முழுக்க வறண்டு கிடந்தால், தீவனத்திலுள்ள சாதாரண உப்பே அதன் மூளையைத் தாக்கி வலிப்பு வர வைக்கும். முப்பது கோழி வெயில் நாளில் ஒரு குடம் தண்ணீரைக் குடித்துவிடும்.

நாற்றம் என்று கேட்டீர்களே, அதில் பாதியைப் பன்றியே தீர்த்துவைக்கும், நாம் இடம் கொடுத்தால். பன்றி அழுக்கு உயிர் என்பது நாம் கட்டிய பழி. படுக்கும் இடத்தில் அது சாணம் போடாது. ஈரமான, வெளிச்சம் உள்ள, மூலையான இடத்தைத் தேடிப் போகும். குட்டிகள் வந்து சேரும் நாளில் இதைச் செய்யுங்கள். கொட்டகையின் ஒரு மூலையில், தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில், தரையை நனைத்து ஒரு கை பன்றிச்சாணம் வையுங்கள். எதிர்மூலையில் காய்ந்த வைக்கோலைத் தடிமனாகப் பரப்புங்கள். இறக்கிவிட்ட குட்டிகள் கொஞ்ச நேரம் கூடிநின்று மோப்பம் பிடிக்கும். பிறகு ஒன்று ஈர மூலைக்குப் போகும், மற்றவையும் போகும். இரண்டு மூன்று நாளில் இடம் நிலைத்துவிடும். அதன் பிறகு நீங்கள் தினமும் அள்ள வேண்டியது ஒரே ஒரு மூலையைத்தான். இடநெருக்கடியில் அடைத்தாலோ, வெயிலில் உடம்பு காய்ந்தாலோதான் படுக்கையையே நனைத்துக் குழப்பிவிடும். பன்றிக்கு வேர்த்து உடம்பைக் குளிர்விக்கிற வசதி கிடையாது. நிழலும் ஒரு சேற்றுக்குட்டையும் கொடுத்தால் வெயிலைத் தானே சமாளிக்கும். தோலில் படிந்த சேறு வெயிலிலிருந்து காக்கும், பூச்சிக்கடியையும் தடுக்கும். மூன்று பன்றிக்குக் கூரைக்குக் கீழே பத்து சதுரமீட்டர் இருந்தால் தாராளம். ஒற்றைப் பன்றி மட்டும் வாங்காதீர்கள். துணையில்லாத பன்றி சரியாகத் தின்னாது.

கோழிக்கொட்டகையில் ஆழ்கூளம் போடுங்கள். உமி, மரத்தூள், சருகு எதுவானாலும் ஒரு சாண் உயரம். வாரத்துக்கு இரண்டு முறை உள்ளே போய் ஒரு கைப்பிடி கூளத்தை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். கையை விரித்தால் உருண்டை லேசாக நின்று, தட்டினால் உதிர வேண்டும். உருண்டை அப்படியே நின்றால் ஈரம் அதிகம். பிடிக்கும்போதே பறந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது, தூசி கோழியின் நெஞ்சுக்குள் போகும். அப்படியே குனிந்து, கோழி நிற்கும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய் மூச்சு இழுத்துப் பாருங்கள். நின்றால் தெரியாத அமோனியா அங்கே கண்ணை எரிக்கும். அந்த எரிச்சலோடு அந்தக் கோழி இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறது. உங்கள் கண் எரிந்தால் ஜன்னல் திறப்பும் புதுக் கூளமும் அன்றைக்கே ஆக வேண்டும். முப்பது கோழிக்கு ஆறு முட்டைப்பெட்டி, ஒவ்வொரு கோழிக்கும் ஒரு சாண் உட்காரும் கம்பு, இருட்டுவதற்கு முன் பூட்டுகிற கதவு. கீரியும் நாயும் அந்த ஒரு நாள் மறதிக்குத்தான் காத்திருக்கும்.

சாணத்தை நேராக வயலில் இறைக்காமல் மக்க வையுங்கள். கோழி எச்சத்தில் தழைச்சத்துக்குக் கரிமம் ஏழு முதல் பத்து மடங்குதான். மக்குகிற குவியலுக்கு 25 முதல் 30 மடங்கு வேண்டும். வைக்கோலில் அது சுமார் 80. ஆகவே எச்சமும் சாணமும் போடும்போதெல்லாம் அதைவிட அதிக கனத்துக்கு வைக்கோலும் சருகும் போட வேண்டும். குவியலின் உட்சூடு 55 டிகிரிக்கு மேல் 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்டிப்போட வேண்டும். அப்படிச் செய்தால் நோய்க்கிருமியும் புழுமுட்டையும் களைவிதையும் பெரும்பாலும் வெந்துபோகும். ஒரு இரும்புக்கம்பியை நடுவில் குத்திவைத்து, காலையில் உருவிப் பிடித்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. குவியலுக்குக் கூரை போடுங்கள், கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி வையுங்கள்.

நிலத்தை நான்கு துண்டாகப் பிரித்து வேலியிடுங்கள். ஒரு துண்டில் பன்றி மூக்கால் கிளறட்டும். கோரையையும் அருகையும் வேரோடு பிடுங்கித் தின்று, நீங்கள் ஏர் பூட்டாமலேயே மண்ணைப் புரட்டிக் கொடுக்கும். ஆனால் மண் வெறுமையாகத் தெரியத் தொடங்கியதும் மாற்றிவிட வேண்டும். நான்கு வாரம் கூடுதலாக விட்டால் அதே பன்றி மண்ணை இறுக்கிக் களிமண் தரையாக்கிவிடும், மழைக்காலத்தில் மேல்மண் ஓடிவிடும். பன்றி போன துண்டில் பயிர் வையுங்கள். அறுவடை முடிந்த பிறகு அங்கே கோழியை விடுங்கள். சிந்தியதையும் புழுவையும் பொறுக்கித் தின்று எச்சம் போட்டுக்கொண்டே போகும். பன்றி போனதும் உடனே கோழி என்று சிலர் செய்வார்கள். மேலே சொன்ன பொதுநோய்களுக்காக நடுவே ஒரு பயிர்க்காலம் விடச் சொல்கிறேன். அந்தப் பயிர் பச்சையாகத் தின்கிற காயோ கீரையோ ஆக வேண்டாம். பன்றியின் உருண்டைப்புழு முட்டை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். ஒரு துண்டுக்குப் பன்றி திரும்ப எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவு நல்லது.

மருந்து கொட்டக் கூடாது என்கிறீர்கள். எனக்கும் அதே எண்ணம்தான், ஆனால் தடுப்பூசியை அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். கோழிக்கு வெள்ளைக்கழிச்சலும் அம்மையும், பன்றிக்குப் பன்றிக்காய்ச்சலும் (மேலே சொன்ன ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் அல்ல, இது வேறு நோய்) உங்கள் மருத்துவர் சொல்கிற வேறு எதுவும் காலத்தில் போட்டாக வேண்டும். வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் முப்பதில் ஒன்றிரண்டுகூட மிஞ்சாமல் போகலாம். குடற்புழு மருந்தை நாள்பார்த்துக் கொடுக்காமல், சாணத்தைச் சோதித்துப் பார்த்துக் கொடுங்கள். நான் எதிர்ப்பது, வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆண்டிபயாட்டிக் கலப்பதை. சுவீடன் 1986லேயே அதை நிறுத்தியது, ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006 தொடக்கத்திலிருந்து தடை. கோலிஸ்டின் என்ற மருந்தை மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிறோம். அதை எதிர்க்கும் திறனை ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்று வாங்கிக்கொள்ளும் மரபணு சீனத்துப் பன்றிகளிடமும் இறைச்சியிலும் இருப்பது 2015ல் வெளிவந்தது. நோய் வந்தால் மருத்துவர் எழுதுவதைக் கொடுங்கள், சொன்ன நாள்வரை கொடுங்கள், விற்பதற்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள். திடீர்க் காய்ச்சல், தீவனம் வெறுப்பு, காதும் வயிறும் சிவந்து நீலம் பாய்தல், அடுத்தடுத்த சாவு என்று கண்டால் எதையும் விற்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். யாரையும் உள்ளே விடாமல் கால்நடைத் துறையைக் கூப்பிடுங்கள்.

தாய்ப்பன்றியை ஒரு வருடம் தள்ளிப்போடச் சொன்னது உங்களுக்கு வருத்தமாக இருக்கும். அதை நான் வெறுக்கவில்லை. என் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த காட்சியே அதுதான். 114 நாள் சினை முடிகிற நேரத்தில், ஈனுவதற்கு முந்தைய நாள், அதுவரை சோம்பலாகக் கிடந்த பன்றி எழுந்து நிலைகொள்ளாமல் நடக்கும். முன்காலால் தரையைப் பறிக்கும். வைக்கோலை வாய்நிறையக் கவ்விக்கொண்டு வந்து ஓரிடத்தில் வைத்துவிட்டு, திரும்பப் போய் இன்னொரு வாய் எடுத்துவரும். கூடு கட்டுகிறது. வைக்கோல் இல்லாத சிமெண்ட் தரையில் நிற்கிற பன்றிக்கும் அந்தத் தவிப்பு வரும். வெறும் தரையைச் சுரண்டிக்கொண்டும் கம்பியைக் கடித்துக்கொண்டும் இருக்கும். அதைப் பார்த்தவர்கள் வைக்கோல் போட மறக்க மாட்டார்கள். குட்டிகள் பிறந்த பிறகு சுமார் ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை தாய் ஒரு தாளத்தில் உறுமும். உறுமல் வேகமெடுக்கும் அந்த நேரத்தில் பால் இறங்குவது இருபது விநாடி போலத்தான். அதற்குள் ஒவ்வொரு குட்டியும் தன் காம்பைப் பிடித்திருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாளில் எது யாருடையது என்று சண்டையிட்டு முடிவாகிவிடும், பிறகு மாறாது. நலிந்த குட்டி அந்த இருபது விநாடியைத் தவறவிட்டுக்கொண்டே போய்ச் செத்துப்போகும். தாய்க்குக் கீழே நசுங்குவதும் அந்த நாட்களில்தான். குட்டிக்கு 32 டிகிரி போலச் சூடான மூலை வேண்டும், தாய்க்கு அது தாங்காத வெப்பம். இரும்புச்சத்து ஊசி, சீம்பால் முதல் சில மணிநேரத்துக்குள், இரவில் கண்விழிப்பு. இதற்கெல்லாம் பன்றியின் உடம்புமொழி உங்களுக்குப் பழகியிருக்க வேண்டும். அதை மூன்று வளர்ப்புக் குட்டிகள் ஆறு ஏழு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடும்.

தராசு இல்லையே என்று கவலைப்படாதீர்கள். தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்குங்கள். காதுகளுக்கு நடுவிலிருந்து வாலடி வரை நீளத்தை அளந்து அதோடு பெருக்குங்கள். கிடைப்பதை 69ஆல் பெருக்கினால் எடை கிலோவில் வந்துவிடும், சற்று முன்னே பின்னே. தின்றுகொண்டிருக்கும்போது அளந்தால் அசையாமல் நிற்கும். ஒரு நோட்டுப் போட்டு, வாரம் ஒருமுறை மூன்றின் எடையும், அந்த வாரம் தின்ற தீவனமும், கோழி இட்ட முட்டையும், அள்ளிய சாணம் எத்தனை கூடை என்பதும் எழுதி வையுங்கள். தின்ற தீவனம் ஏறிய எடையைப்போல மூன்று, மூன்றரை மடங்குக்குள் நின்றால் சரியாகப் போகிறது. நான்கைத் தாண்டினால் புழு, குளிர், சிந்துதல், புரதக்குறை என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

முதல் மூன்று மாத நோட்டை எனக்கு அனுப்பி வையுங்கள். எத்தனை கூடை சாணம் வந்தது, அதை எந்தத் துண்டில் போட்டீர்கள் என்ற பக்கத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தாய்ப்பன்றி ஒன்றா, இரண்டா என்பதை அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு பேசுவோம்.